டியூபாவுக்குள் ஒரு ஈ

முதலில் மாற்றியது ஊதுவாயை. அதோடு நிறுத்தியிருந்தால் வீட்டில் கால் வைக்க இடமாவது மிஞ்சியிருக்கும்.

ஊசி என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவனைத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் பழுது பார்க்கிற வேலை. ஆடுகிற திருகை இறுக்குவது, வளைந்த கம்பியை நிமிர்த்துவது, அவ்வளவுதான். ஆள் அத்தனை ஒல்லி. டியூபாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால், டியூபாவுக்கே கால் முளைத்து நடந்து போவதுபோல இருக்கும். பித்தளை வாத்தியங்களிலேயே பெரிய வாத்தியம் அது. மடியில் மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிற குழாய். தலைக்கு மேலே, குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்கிற அளவுக்கு ஒரு புனல்.

ஊர் பேண்டில் டியூபாவுக்கு ஒரே ஒரு நாற்காலி. அது ஊசியின் நாற்காலி. கடையில் முதலாளி அவனை ஒரு அலமாரியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். வாடிக்கையாளர்கள் அவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவன் கையிலிருக்கும் தங்கள் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். அந்த நாற்காலியில் உட்காரும்போது மட்டும்தான் தானும் ஒரு ஆள் இருக்கிறோம் என்பது நாலு பேர் காதில் விழும்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

புதுப் பாலத்துக்குத் திறப்பு விழா. அதற்காக பேண்ட் மாஸ்டர் ஒரு புதுப் பாட்டு எழுதியிருந்தார். நடுவில் ஓரிடத்தில் எல்லோரும் கப்சிப் என்று நிறுத்திவிட வேண்டும். டியூபா மட்டும் தனியாக, அடிவயிற்றிலிருந்து, நீளமாக ஒரு கீழ் சுரத்தைப் பிடிக்க வேண்டும். பாலம் எவ்வளவு பலமானது என்று ஜனங்களுக்கு அதைக் கேட்டுத்தான் புரியுமாம்.

ஒத்திகையில் ஊசி அந்தச் சுரத்தைப் பிடித்தான். சுரம் வந்தது. கூடவே, 'ங்ஙீ…' என்று இன்னொன்றும் வந்தது.

மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா ஊசி, டியூபாவை வாடகைக்கு விட்டிருக்கியா?"

"இல்லையே மாஸ்டர்."

"அப்ப உள்ள குடியிருக்கிற ஈ யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஊசியும் மரியாதைக்குச் சிரித்து, மூக்கிலிருந்து சரிந்த கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டான். மறுபடி ஊதினான். ஈ மறுபடி பாடியது. மற்ற சுரங்களில் வாயைத் திறக்காது. அந்த ஒரு சுரம் வந்தால் போதும், அதற்கு உற்சாகம் பிறந்துவிடும்.

இன்னொருவர் ஊதிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் அந்த பேண்டில் அது நடக்காது. முன்பு ஒருமுறை பொன்னுக்கு வீங்கி ட்ரம்பெட்டில் ஆரம்பித்து, கிளாரினெட் வரிசையைச் சுற்றிக்கொண்டு மாஸ்டர் வீடு வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து ஒத்திகைக் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்: 'அடுத்தவர் வாத்தியத்தில் வாய் வைக்காதே.' எழுத்து அழிய அழிய அவரே வண்ணம் பூசுவார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கேப்பேன்" என்றார் மாஸ்டர், ஒத்திகை முடிந்ததும். "அதுக்குள்ள அந்த ஈயை ஓட்டிடு. இல்லேன்னா…" அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய மாப்பிள்ளை புதிதாக ஒரு டியூபா வாங்கியிருக்கிற விஷயம் ஊருக்கே தெரியும். அந்த டியூபாவுக்கு உட்கார ஒரு இடம் வேண்டும் என்று மகள் தினமும் அப்பாவைப் பிடுங்கியெடுக்கிற விஷயமும் தெரியும்.

ஊசி நேராகச் சல்லிசு அண்ணன் கடைக்குப் போனான். வாத்தியக் கடை வைத்திருக்கிற அவருக்கு உலகத்தில் எல்லாமே சல்லிசு. கடையில் நெற்றிக்கு மேலே கொக்கிகளில் குழாய்களும் புனல்களும் தொங்கும். உயரமானவர்கள் உள்ளே போனால் ஏதாவது ஒரு சுரம் கேட்கும்.

"இதென்ன பழைய மாதிரி டியூபாவா தம்பி, எல்லாத்தையும் ஒண்ணா பத்தவெச்சு விடுறதுக்கு?" என்றார் அவர். "உன்னுது கழட்டி மாட்டுற டியூபா. ஊதுவாய் தனி, அதைச் செருகுற முதல் குழாய் தனி, சுருதி சேக்குற வளைகுழாய் தனி, புனல் தனி. எல்லாம் ஒரே அளவு. எதைக் கழட்டி எதுல வேணாலும் மாட்டு, தலையாட்டிக்கிட்டு உக்காந்துக்கும். ஈ எந்தத் துண்டுல இருக்குன்னு பாரு, அந்தத் துண்டை மட்டும் மாத்து. சல்லிசா முடிஞ்சிரும்."

"நீங்க ஒரு தடவை ஊதிப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

"நான் விக்கிறவன் தம்பி. ஊதுறவன் இல்ல. எனக்கு முன்பல்லு ரெண்டும் கட்டுனது."

ஊதுவாயை மாற்றினான். விளிம்பு கொஞ்சம் தடித்த, வெள்ளி பூசிய ஒன்று. வீட்டுக்கு வந்து ஊதினான். ஈ வெள்ளியைப் பார்த்ததும் இன்னும் குஷியாகிவிட்டது.

அடுத்து முதல் குழாய். மஞ்சள் பித்தளையைக் கழற்றிவிட்டு, செம்பு அதிகம் கலந்த சிவப்புக் குழாயை மாட்டினான். சுரம் கொஞ்சம் இதமாக, வெதுவெதுப்பாக வந்ததுபோல அவனுக்குப் பட்டது. யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை. ஈ மட்டும் அப்படியே இருந்தது. அதற்கடுத்து வளைகுழாய். பிறகு புனல்.

ஊசியின் மனைவி நகரப் பேருந்தில் கண்டக்டர். அவள் "உள்ள போங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் பின்னால் வருகிற பேருந்திலும் ஆட்கள் உள்ளே போவார்கள். கழற்றிப்போட்ட துண்டுகளைச் சல்லிசு திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்ததும், அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்தாள். பழைய ஊதுவாய் அவித்த முட்டையை நிறுத்திவைக்கிற கிண்ணமானது. முதல் குழாய் ஜன்னலில் குறுக்கே போய், துண்டு காயப்போட உதவியது. வளைகுழாயை ஆணியில் மாட்டி அதில் தன் டிக்கெட் பையைத் தொங்கவிட்டாள். புனலில் அழுக்குத்துணி.

"அதெல்லாம் நல்ல பித்தளைம்மா" என்றான் ஊசி, மனசு கேட்காமல்.

"நல்ல பித்தளைதான். அதுக்காகச் சும்மா உக்காத்தி வெச்சுச் சாப்பாடு போட முடியுமா? இந்த வீட்ல எல்லாருக்கும் வேலை உண்டு."

சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்கு வேறு பேச்சில்லை. உதட்டை எப்படி வைப்பது, கீழ் சுரத்துக்கு எந்த வால்வுகளை அமுக்குவது, மூச்சை மார்பிலிருந்து விடாமல் வயிற்றிலிருந்து விட வேண்டியது ஏன்… கையில் இருக்கிற கவளம் காய்ந்துபோகும். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே "உம்" கொட்டுவாள்.

கடைசியில் மிச்சமிருந்தது நடு உடம்பு மட்டும்தான். வால்வுகள் இருக்கிற பெரிய சுருள். வெள்ளிக்கிழமை அதையும் மாற்றிவிட்டான். இப்போது அவனுடைய டியூபா வெள்ளி ஊதுவாய், சிவப்புக் குழாய், மஞ்சள் உடம்பு, தங்கநிறப் புனல் என்று, நாலு வீட்டுத் துணியை ஒன்றாகத் தைத்த சட்டை போல நின்றது. பழைய உடம்பு மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. கீழ் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஊர்லேர்ந்து யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புது டியூபாவை மடியில் வைத்து ஊதினான்.

'ங்ஙீ…'

மனைவி சமையலறையிலிருந்து வந்து வாசலில் சாய்ந்து நின்றாள். "எல்லாத்தையும் மாத்தியாச்சு. இந்த வீட்ல இன்னும் மாத்தாதது நீங்களும் நானும்தான். யாரை முதல்ல மாத்தலாம்?"

ஊசி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, டியூபாவின் வயிற்றில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மாலை கடையிலிருந்து வந்து படியேறும்போது அவனுக்கு அந்தச் சுரம் கேட்டது. அடிவயிற்றிலிருந்து, நீளமாக, உருண்டையாக. ஈ இல்லை. ஒரு கொசுகூட இல்லை. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியே லேசாக அதிர்ந்தது.

மாஸ்டரின் மாப்பிள்ளை தன் வீட்டுக்கே வந்து ஊதிக்காட்டுகிறானா? இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிக் கதவைத் தள்ளினான்.

முக்காலியில் மனைவி. சீருடைகூட மாற்றவில்லை. மடியில் அவனுடைய பழைய டியூபா, முழுசாக. முட்டைக்கிண்ணம், துண்டுக்கம்பி, பைக்கொக்கி, துணிக்கூடை, போர்வை போர்த்திய விருந்தாளி எல்லோரும் தங்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருந்தார்கள். தரையில் அழுக்குத்துணி மலை.

"நீயா ஊதின?"

"வேற யாரு, கீழ் வீட்டு அம்மாவா?" அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொருந்துதான்னு பாத்தேன். பொருந்திச்சு. சும்மா ஒரு தடவை ஊதினேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நல்லாயிருக்கே! தினம் என் தட்டுல சோத்தோட சேத்துப் போட்டது யாரு?"

ஊசி அதை வாங்கி ஊதினான். ஈ. அவள் வாங்கி ஊதினாள். ஈ இல்லை. அவள் புது டியூபாவை எடுத்து ஊதினாள். ஈ இல்லை. அவன் ஊதினான். 'ங்ஙீ.'

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஈ எனக்குள்ளதான் இருக்கு" என்றான் ஊசி, மெதுவாக.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை வெளியே சொல்ல முடியாது. அவள் அவன் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். பல்லை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். கன்னத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஊதச் சொன்னாள். சட்டைப் பொத்தானைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி ஊதச் சொன்னாள். காதில் பஞ்சு வைத்ததில் ஊசிக்கு மட்டும் ஈ கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது.

"விடுங்க" என்றாள் கடைசியில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "டியூபாவுக்குக் கடையில துண்டு விக்கிறாங்க. ஆளுக்கு எங்க போய் வாங்குறது? நாளைக்கு நானும் லீவு போட்டுட்டு வரேன்."

"நீ வந்து என்ன பண்ண?"

"ரெண்டு டியூபாவையும் கொண்டுபோவோம். உங்களுக்கு எதுல ஊதணும்னு தோணுதோ அதுல ஊதுங்க. ஒண்ணை நீங்க தூக்கிட்டுப் போறதுக்குள்ளயே உங்களுக்கு மூச்சு முட்டிரும்."

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக் கூடம் நிறைந்திருந்தது. வழக்கமாகத் தாமதமாக வருகிறவர்கள்கூட அன்று நேரத்தோடு வந்து இடம் பிடித்திருந்தார்கள். டியூபா நாற்காலிக்குப் பக்கத்தில் மாஸ்டர் இன்னொரு நாற்காலியைப் போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்திருந்தார். மாப்பிள்ளை நல்ல வாட்டசாட்டமான ஆள். டியூபாவின் புனலில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. கழற்றினால் திருப்பிக் கொடுக்க முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

முதலில் மாப்பிள்ளை ஊதினார். கரையை விட்டுக் கிளம்ப மனசில்லாத கப்பல் சங்கு ஊதுவது மாதிரி இருந்தது. ஆனால் ஈ இல்லை.

"சுத்தமா இருக்கு மாப்பிள்ளை" என்றார் மாஸ்டர், யார் முகத்தையும் பார்க்காமல். "ஊசி, நீ."

ஊசி நாற்காலியில் உட்கார்ந்தான். நாலு நிற டியூபாவை மடியில் ஏற்றினான். மூச்சை வயிற்றுக்கு இழுத்து, ஊதினான்.

ஈ பாடியது. இன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று அதற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "போதும்ப்பா."

"இன்னும் ஒரே ஒரு தடவை, மாஸ்டர்."

ஊசி நாற்காலியை விட்டு எழவில்லை. நெற்றி வியர்வை வழிந்து கண்ணில் எரிந்தது. கண்ணாடியைக் கழற்றி நோட்டு ஸ்டாண்டில் வைத்துவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண்ணாடி இல்லாவிட்டால் எதுவும் அவனுக்குச் சரியாகத் தெரியாது. நோட்டுத் தாள் வெறும் வெள்ளையாக நின்றது. இருக்கட்டும். அந்த ஒரு சுரத்துக்குத் தாள் எதற்கு? உதட்டை வைத்தான். ஊதினான்.

சுரம் எழும்பியது. தனியாக, கனமாக, பால் மாதிரி. தரைப் பலகை அதிர்ந்து எல்லோருடைய காலிலும் ஏறியது. மூச்சு தீர்கிற வரைக்கும் அது நின்றது.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"சிவப்புக் குழாய்!" என்று கத்தினான் ஊசி. "நான் சொன்னேன்ல? அந்தச் செம்புதான்! சூடேறினதும் எப்படிப் பேசுது பாத்தீங்களா?" அவர்களுடைய முகங்களைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை பெருமையாக ஊதினான்.

'ங்ஙீ…'

சுவரோரம் நின்றிருந்த மனைவி விறுவிறுவென்று நடந்து வந்தாள். நெரிசலில் டிக்கெட் வாங்காதவனைக் கண்டுபிடித்த முகம் அவளுக்கு. அவன் மூக்கிலிருந்து கண்ணாடியை உருவினாள்.

"இப்ப ஊதுங்க."

ஊதினான். ஈ இல்லை.

மாட்டினாள். "ஊதுங்க."

ஈ.

அவள் கண்ணாடியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஆட்டினாள். காதுக்கம்பி ஒன்று அதன் சின்னத் திருகில் லொடலொடவென்று ஆடியது.

"புடிச்சிட்டேன்! ஈ இங்க உக்காந்திருக்கு!"

கூடம் இடிந்து விழுந்தது போலச் சிரிப்பு. ட்ரம் அடிக்கிறவர் ட்ரம்மின் மேல் தலையை வைத்துச் சிரித்ததில் அதுவும் சேர்ந்து அதிர்ந்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்காமல், நிதானமாகக் கேட்டார்:

"ஊசி, நீ எங்கப்பா வேலை பாக்குற?"

"கண்ணாடிக் கடையில, மாஸ்டர்."

"என்ன வேலை?"

"ஆடுற திருகை… இறுக்குறது."

அதற்கப்புறம் மாஸ்டராலும் முடியவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என் கண்ணாடியைப் பாக்கணும்னா அதைக் கழட்டணும் மாஸ்டர்" என்றான் ஊசி, அழுகிற குரலில். "கழட்டினா எனக்குத் திருகே தெரியாதே!"

அது நியாயமாகத்தான் பட்டது, ஆனால் யாரும் கேட்கிற நிலையில் இல்லை. அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற குட்டித் திருப்புளியை எடுத்து நீட்டினான். அதையும் மனைவிக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராக நீட்டிவிட்டான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"வலது பக்கம். மெதுவா. அரைச் சுத்து போதும். மெதுவாம்மா… போதும்னேன்ல!"

"ஆடக்கூடாதுன்னா ஆடக்கூடாது" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு திருகினாள். அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி மடங்குவதில்லை. ராத்திரி கழற்றி வைத்தால் காலை நீட்டிக்கொண்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

கண்ணாடியோடு ஊசி ஊதினான். சுரம் மட்டும் வந்தது.

இப்போது எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாஸ்டரின் நெற்றிச் சுருக்கத்தில் மகள் தெரிந்தாள்.

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாமா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? எனக்கு இதுல இஷ்டமே இல்ல. முதுகு வலிக்குது. உங்க பொண்ணு ஆசைப்பட்டாளேன்னுதான்…"

"அடப்பாவமே" என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் பத்து வயசு குறைந்தது. பிறகு மறுபடி கூடியது. "அவகிட்ட இதை யாரு சொல்றது?"

"நீங்க சொல்லுங்க மாமா."

"நான் எதுக்கு? உங்க சம்சாரம் மாப்பிள்ளை."

"உங்க பொண்ணு மாமா."

"என் பஸ்லதான் தினம் வருவாங்க, நான் சொல்றேன்" என்றாள் ஊசியின் மனைவி. "கூட்டத்துல ஒண்ணும் பேச முடியாது அவங்களால." மாமனும் மருமகனும் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

மாப்பிள்ளை எழுந்து, உறை கிழியாத டியூபாவைச் சந்தோஷமாகப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவர் எழுந்த நாற்காலி காலியாக இருந்தது. ஊசியின் மனைவி அதை ஒருமுறை பார்த்தாள். சுவரோரம் நின்ற பழைய டியூபாவை ஒருமுறை பார்த்தாள்.

"மாஸ்டர், இந்த நாற்காலி சும்மாதானே இருக்கு?"

"ஏம்மா, நீ ஊதுவியா?"

"அவரோட ரெண்டு டியூபாவுலயும் ஊதிட்டேன்."

மாஸ்டர் பதறிப்போய்ச் சுவரைக் காட்டினார். "வாய் வெச்சியா? அடுத்தவர் வாத்தியத்துலயா?"

"அவரு எனக்கு அடுத்தவரா மாஸ்டர்?"

மாஸ்டர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்து ஊதினாள். பக்கத்தில் ஊசியும் சேர்ந்துகொண்டான். ஒரு சுரம் இரண்டு வயிற்றிலிருந்து வந்தபோது, ஒரு பாலம் என்ன, ரயிலே போகலாம் போலிருந்தது. "லீவு கிடைக்கிற ஞாயித்துக்கிழமை வா" என்றார் மாஸ்டர்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஊசி டியூபாவை இறக்கிவைத்துவிட்டு, அப்பாடா என்று தரையில் சாய்ந்தான். நாற்காலி மிஞ்சிவிட்டது. அது போதும். மனைவி உட்காரவில்லை, அவனுடைய டியூபாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இந்தச் சிவப்புக் குழாயைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"என்னோடதுல மாட்டிப் பாக்கணும்."

"உன்னோடதா! அது எப்ப உன்னோடது ஆச்சு?"

"நேத்து ரெண்டையும் ஊதினேன்ல. இந்தக் குழாய் போட்டதுல அந்தக் கீழ் சுரம் ஒரு மாதிரி இதமா, வெதுவெதுன்னு வருது."

ஊசி எழுந்து உட்கார்ந்தான். சரிந்து விழாத கண்ணாடியைப் பழக்கதோஷத்தில் மேலே தள்ளினான். "உனக்குத் தெரியுதா? நிஜமாவே வித்தியாசம் தெரியுதா?"

"காது இருக்கில்ல? ஏன் தெரியாது?"

அவன் சிவப்புக் குழாயைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவளுடைய மஞ்சளை எடுத்துத் தன்னுடையதில் மாட்டினான். பிறகு, அப்படியானால் புனலையும் மாற்றிப் பார்க்கலாம் என்றாள். பிறகு ஊதுவாய். பொழுது சாய்கிறவரை இரண்டு பேரும் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். எது யாருடையது என்று கடைசியில் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

குளிக்கப் போன ஊசி பாதியில் திரும்பி வந்தான். "துண்டு எங்கம்மா?"

துண்டு தரையில் கிடந்தது. டிக்கெட் பையும் தரையில். அழுக்குத்துணி மலை கதவு வரைக்கும் சரிந்து வந்திருந்தது.

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வீட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"சல்லிசு அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க" என்றாள். "ஒரு புனல் கூடுதலா வேணும்னு சொல்லுங்க. ஊத இல்ல, துணி போட."